பராமரிப்பு இல்லங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பத்தொன்பது ஆண்டுகள் முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ‘பொறுமையும் கருணையும் உள்ளவர்கள் தேவை’ என்று நீங்கள் விளம்பரம் கொடுக்கும்போதெல்லாம் உங்களுக்கு எழுத நினைப்பேன்.

கருணை வேண்டும்தான். ஆனால் கருணையால் நான் செய்த தவறு ஒன்று உண்டு. பக்கவாதத்தில் வலக்கை செயலிழந்த ஒரு பெரியவருக்கு, சிரமப்படுகிறாரே என்று மாதக்கணக்கில் நானே சட்டைப் பித்தான் போட்டுவிட்டேன். ஒருநாள் என் கையை விலக்கிவிட்டு இடக்கையால் அவரே போடத் தொடங்கினார். ஐந்து பித்தானுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. உங்களால் முடியுமா என்று அதுவரை ஒருமுறைகூட அவரிடம் நான் கேட்டதில்லை.

சமூகப் பணிக்கு ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் வகுத்த ஏழு நெறிகளில் ஒன்று, உதவி பெறுபவர் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை. எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை 2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 19-ஆம் பிரிவில் சொல்கிறது. படுக்கையில் இருப்பவருக்கு இந்தப் பெரிய உரிமைகளெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகளாகத்தான் வந்து சேரும். இப்போது குளிக்கலாமா, கொஞ்சம் கழித்தா? இந்தச் சட்டையா, அந்தச் சட்டையா? போர்வையை விலக்கட்டுமா?

கேட்க ஐந்து விநாடி போதும். பதிலுக்குக் காத்திருக்கத்தான் நேரம் வேண்டும். மறதிநோய் உள்ளவருக்குக் கேள்வி மனத்தில் பதியவே நேரமாகும். நீங்கள் போடும் காலை ஷிப்டில் ஒருவருக்கு எட்டுப் பேர்; எழுப்பி, துடைத்து, உடைமாற்றி, உட்காரவைக்க இரண்டு மணி நேரம். ஆளுக்குக் கால்மணி. அந்தப் பெரியவரின் பித்தான்களுக்கே அதில் பத்து நிமிடம் போய்விடும். அதனால் நாங்கள் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். பொறுமை இல்லாமல் அல்ல; அடுத்த அறையில் ஒருவர் ஈரத்தில் கிடக்கிறார் என்பதால்.

பிறகு என்ன நடக்கிறது? முன்பின் தெரியாத ஒரு கை தன் உடையை நோக்கி வருவதைப் பார்த்து மறதிநோய் உள்ள ஓர் அம்மா கையை ஓங்குகிறார். பதிவேட்டில் ‘முரண்டு பிடித்தார்’ என்று ஏறுகிறது. அவர் பயந்தார் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. மறதிநோய்ப் பராமரிப்பை ஆராய்ந்த டாம் கிட்வுட், அவரவர் வேகத்துக்கு விடாமல் விரட்டுவதையும், ஆளை எதிரில் வைத்துக்கொண்டே இல்லாதவரைப் போல நடத்துவதையும் மனிதரைக் குலைக்கும் செயல்களின் பட்டியலிலேயே வைத்தார். இரண்டையும் செய்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

அன்பளிப்பு வாங்காமை, ஒருவர் வீட்டு விஷயத்தை இன்னொருவரிடம் பேசாமை போன்றவற்றை ஓர் அமர்வில் கற்பித்துவிடலாம். தவறைக் கண்டால் சொல்லும் துணிவை அப்படிக் கற்பிக்க முடியவில்லை. கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் முதியவர்களைத் துன்புறுத்தியதாக இல்லப் பணியாளர்களில் மூன்றில் இருவர் தாங்களே ஒப்புக்கொண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடன் வேலை செய்தவர்கள் யாருமே பார்த்திருக்க மாட்டார்களா? ஒருவர் முழங்கையில் கன்றிப்போன விரல் தடத்தைப் பற்றி முன்பு ஓரிடத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே என்னை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். உடன் இருந்த இளம் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் எதையும் எழுதிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே, நேர்முகத் தேர்வில் ‘உங்களுக்குப் பொறுமை உண்டா’ என்று கேட்காதீர்கள். உண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலை கேட்டு வருபவரை ஒருநாள் உங்கள் இல்லத்துக்கு அழைத்துவந்து, பேச முடியாத ஒருவருக்கு அருகில் உட்காரவையுங்கள். அவரைப் பார்த்துப் பேசுகிறாரா, தலைக்கு மேல் உங்களிடம் பேசுகிறாரா என்று கவனியுங்கள். புகார் கொடுத்தவரின் ஷிப்டை ஆறு மாதத்துக்கு அவர் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது என்று எழுத்தில் விதி செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், காலை ஷிப்டுக்கு இன்னும் ஓர் ஆள் போடுங்கள். எட்டுப் பேர் நான்காகட்டும். ஆளுக்கு அரைமணி கிடைத்தால், பித்தான் போடுகிறவர் போட்டு முடிக்கும்வரை நாங்கள் பக்கத்தில் நிற்போம்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பணியாளர்