மார்கோவா நோகா வழியைத் திறந்துவிடுங்கள்

பிரெஸ்பா ஏரியின் இரு கரையிலும், எல்லைக் கடவையைத் திறக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இதே கோரிக்கையைக் கிரேக்க மொழியில் இரண்டு முறை எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. இந்த முறை முதலில் தமிழில் எழுதுகிறேன். மனம் கொதிக்கும்போது எனக்கு வார்த்தை தாய்மொழியில்தான் சரியாக வந்து விழுகிறது. என் மக்களும் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். கிரேக்கப் பிரதி உங்களுக்குத் தபாலில் வரும்.

கேட்பது ஒன்றுதான். கிரேக்கத்தின் லெமோஸுக்கும் வட மாசிடோனியாவின் தோல்னோ துபெனிக்கும் நடுவில், மார்கோவா நோகாவில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக மூடிக் கிடக்கும் எல்லை வழியைத் திறந்துவிடுங்கள்.

நான் தெசலோனிக்கியில் வேலை பார்ப்பவள். விடுமுறை கிடைத்தால் ப்சராதெஸுக்குப் போய்விடுவேன். பெரிய பிரெஸ்பா ஏரியின் கிரேக்கக் கரையில் இருக்கும் ஒரே ஊர் அது. ஊர்ப் பெயருக்கு அர்த்தமே மீனவர்கள் என்பதுதான். முதல் தடவை போனபோது வீட்டு முற்றங்களில் சின்னச் சின்ன மீன்களைக் கோத்து உலர்த்தியிருந்தார்கள். அந்த வாசனை என்னை நேராக எங்கள் ஊர்க் கருவாட்டுக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அன்றிலிருந்து ஒரு பாட்டி வீட்டில்தான் தங்குகிறேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கு நான் அனுப்பிய மனுக்களில் இருக்கிறது.

போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். பிரெஸ்பாவின் பெரிய வெள்ளை மொச்சையை முந்தின இரவே ஊறப்போட்டிருந்தார். அடுப்பில் ஏற்றப்போகும் நேரம் போன் வந்தது. அக்கரையில், தோல்னோ துபெனியில் இருந்த அவருடைய அண்ணன் இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் அன்று மதியம் ஒரு மணிக்கு.

பாட்டி அழவில்லை. மொச்சையை வடிகட்டி மூடிவைத்தார். கறுப்புத் துணி மாற்றினார். அப்புறம் பரணிலிருந்து ஒரு சரம் உலர்ந்த மீனை எடுத்துப் பையில் போட்டார். "செத்தவனுக்கு எதுக்கு மீன்னு கேக்காதே. ஒவ்வொரு தடவையும் கேப்பான். வெறுங்கையோட போக முடியாது" என்றார். நான் காரை எடுத்தேன்.

லெமோஸிலிருந்து தோல்னோ துபெனி சில கிலோமீட்டர்தான். வழி திறந்திருந்தால் எட்டு மணிக்கே அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். இல்லாததால் என்ன ஆனது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். முதலில் மலையேறிப் பிசொதேரி கணவாயைத் தாண்டிப் புளோரினாவுக்கு இறங்க வேண்டும். கணவாய் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அன்று பனி. பனி அள்ளும் வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் ஓரமாக நின்றோம். நான் டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் குளிரில் இறங்கி வந்து என் தலைக்கு மேல் குடை பிடித்தார், எண்பது தாண்டிய மனுஷி. புளோரினாவிலிருந்து நீக்கி எல்லைச் சாவடி, அதைத் தாண்டி பிடோலா, அங்கிருந்து இன்னொரு மலை தாண்டி ரேசன், ரேசனிலிருந்து மறுபடி ஏரியோரமாகத் தெற்கே. நூறு கிலோமீட்டருக்கும் மேல் சுற்றி, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தோம். கார் முழுக்க மீன் வாசனை. பாட்டி வழி நெடுக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மூடிடுவாங்களா?"

மூடிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது மணி இரண்டே முக்கால். குழிமேட்டில் புது மண். இரண்டு பேர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் அடக்கத்துக்கு முன்னால் இறந்தவருக்குக் கடைசி முத்தம் கொடுப்பார்கள். ஒரே அண்ணனுக்கு அதைக் கொடுக்கப் பாட்டிக்கு முடியவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது தண்ணீருக்கு அந்தப் பக்கம் தன் ஊர் மலையைக் காட்டி, "பார், அங்கிருந்துதான் வர்றோம்" என்றார்.

இதைப் படித்த பிறகும் வழியைத் திறப்பதற்கு என்ன அவசரம் என்று கேட்பீர்களா?

அந்த அண்ணன் அக்கரைக்கு எப்படிப் போனார் என்பது உங்களுக்குத் தெரியும். 1912 வரை உஸ்மானியர் ஆட்சியில் ஒரே நிலமாக இருந்த இந்தக் கரையில், பால்கன் போர்களுக்குப் பிறகு 1913 புக்கரெஸ்ட் ஒப்பந்தம் கோடு போட்டது. அதுவரை நிவிட்சா என்று அழைக்கப்பட்ட ஊருக்கு 1920களில் ப்சராதெஸ் என்று பெயர் மாற்றினார்கள். பாட்டி வீட்டில் பேசும் ஸ்லாவிய மொழியை 1930களில் மெதாக்சாஸ் சர்வாதிகாரம் தடை செய்தது. இன்றும் அவர் அந்த மொழியில் பேசும்போது ஜன்னலைச் சாத்துகிறார். ஏன் என்று கேட்டால் குளிர் என்பார். ஜூலை மாதத்திலும் அதே பதில்தான்.

அப்புறம் உள்நாட்டுப் போர். 1948-ல் வடக்கு மலைக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளை எல்லை தாண்டி அனுப்பினார்கள். எட்டு வயது அண்ணன் அந்த வரிசையில் நடந்தார். நாலு வயதுத் தங்கை அம்மாவோடு தங்கிவிட்டார். 1949 ஆகஸ்டில் வித்சி மலையில் இடதுசாரிப் படை தோற்றபோது, மிச்சமிருந்தவர்களில் பலர் இரண்டு பிரெஸ்பா ஏரிகளுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டு வழியாகத் தப்பி ஓடினார்கள். அன்று காலியான பிரெஸ்பா கிராமங்கள் சிலவற்றில் இன்றும் ஆளில்லை.

1982-ல் அகதிகள் திரும்பி வரலாம் என்று கிரேக்க அரசு அறிவித்தது. ஆனால் 'கிரேக்க இனத்தவர்' மட்டும் என்று ஒரு சொல்லைச் சேர்த்தது. அந்த ஒரு சொல்லால் பாட்டியின் அண்ணன் வெளியே நின்றார். பல நாடு சுற்றிவிட்டுக் கடைசியில் தோல்னோ துபெனியில் வீடு கட்டினார். ஊர் கண்ணில் படும் தூரம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரு முறை தங்கையைப் பார்க்க வந்தபோது, பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் 'நிவிட்சா' என்று இருந்ததற்காக ஒரு எல்லைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த ஊரின் பெயரைப் பிறந்தபோது வீட்டில் சொன்னபடி வைத்திருந்தது அவர் செய்த குற்றம்.

சரி, அதெல்லாம் பழைய கதை, இப்போது நட்பு வந்துவிட்டது என்பீர்கள். எனக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. 2018 ஜூன் 17. அக்கரை நாடு 'மாசிடோனியா' என்ற பெயரை வைத்துக்கொள்ளலாமா என்று இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இழுத்த சண்டையை முடிக்க நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் இதே ப்சராதெஸ். கரையோரம் பந்தல் போட்டார்கள். ஐக்கிய நாடுகளின் மத்தியஸ்தர் மேத்யூ நிமெட்ஸ் வந்திருந்தார். கிரேக்கப் பிரதமர் சிப்ராஸும் அக்கரைப் பிரதமர் சயேவும் பக்கத்தில் நிற்க, வெளியுறவு அமைச்சர்கள் கோட்சியாஸும் திமித்ரோவும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று பிசொதேரியில் ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் போலீஸோடு மோதிக்கொண்டிருந்தார்கள். அதையும் மீறிக் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அக்கரைத் தலைவர்கள் அன்று எப்படி வந்தார்கள்? படகில். நேராக ஏரியைக் கடந்து வந்தார்கள். கையெழுத்து முடிந்ததும் இரு தரப்பும் படகிலேயே ஒதெஷேவோவுக்குப் போய் மதிய உணவு சாப்பிட்டார்கள். பாட்டி தன் வாசலில் நின்று அந்தப் படகுகளைப் பார்த்தார். எல்லாருக்கும் இனி இப்படித்தான் என்று நம்பினார். அண்ணனுக்குப் போன் போட்டு, "கொஞ்ச நாள்தான், நடந்தே வந்துடுவேன்" என்று சொன்னார். மார்கோவா நோகா திறக்கும் என்று இரண்டு பக்கமும் சொல்லத்தான் செய்தார்கள். ஒப்பந்தம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது. நாட்டின் பெயர்ப் பலகைகளை மாற்ற முடிந்தது. சில கிலோமீட்டர் சாலையில் ஒரு தடுப்பைத் தூக்க முடியவில்லை.

கஷ்டம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லை. பாஸ்போர்ட் சோதனை வேண்டும், சுங்கம் வேண்டும், கட்டிடம் வேண்டும், ஆள் வேண்டும். யாரும் இவற்றை மறுக்கவில்லை. முழுதாகக் கட்டி முடிக்க நாளாகும் என்றால், பகலில் மட்டும் திறங்கள். லாரி வேண்டாம், கார் மட்டும் விடுங்கள். அதுவும் முடியாதென்றால், இரு கரையிலும் உறவு இருப்பவர்களுக்கு, சாவுக்கும் கல்யாணத்துக்குமாவது ஒரு அனுமதிச் சீட்டு கொடுத்து நடந்து போக விடுங்கள். பனிப்போர்க் காலத்தில் பிரெஸ்பாவுக்குள் நுழையவே தனி அனுமதிச் சீட்டு கேட்டீர்கள். சீட்டு அச்சடிக்கத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள்.

சாவு ஒன்றுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஏரிக்கு வெளியே ஓடும் ஆறு கிடையாது. கலிச்சித்சா மலைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இடுக்கு வழியாக ஓஹ்ரித் ஏரிக்கு நீர் கசிகிறது. 1980களின் கடைசியிலிருந்து நீர்மட்டம் பல மீட்டர் இறங்கிவிட்டது. முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் இன்று நாணல். 2022-ல் பறவைக் காய்ச்சல் வந்தபோது சின்னப் பிரெஸ்பாவில் 1,700-க்கும் மேற்பட்ட டால்மேஷியன் கூழைக்கடாக்கள் செத்து மிதந்தன. அந்த இனத்தின் உலகிலேயே பெரிய கூட்டம் அங்கேதான் இருந்தது. ஏரியைக் காப்போம் என்று கரையில் இருக்கும் மூன்று நாடுகளும், அதாவது கிரேக்கமும் அல்பேனியாவும் இன்றைய வட மாசிடோனியாவும், 2000-ல் அறிவித்தன, 2010-ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேர்ந்து கையெழுத்தும் போட்டன. ஏரியைக் காக்க வேண்டிய மீனவனும் வனக்காவலரும் எதிர்க்கரையில் இருப்பவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஒரு முழு நாள் சுற்ற வேண்டியிருக்கிறது.

எல்லை ஊர்களை உங்கள் தலைநகரங்கள் நினைப்பதே இரண்டு சமயத்தில்தான். சண்டை வரும்போது சிப்பாயை அனுப்புகிறீர்கள். சமாதானம் வரும்போது கேமராவை அனுப்புகிறீர்கள். நடுவில் இருக்கும் வருடங்களில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ப்சராதெஸில் குளிர்காலத்தில் புகை வரும் புகைபோக்கிகளை நானே நின்று எண்ணியிருக்கிறேன். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: மார்கோவா நோகாவைத் திறந்துவிடுங்கள். திறக்கப்போகும் தேதியை ஊர் மன்றத்தில் எழுதி ஒட்டுங்கள்.

வரும் பிப்ரவரியில் அண்ணனின் முதல் ஆண்டு நினைவு நாள். அவர்கள் வழக்கப்படி கோதுமையை அவித்து, மாதுளை முத்தும் உலர்திராட்சையும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரைப் பொடி தூவிக் கல்லறைக்கு எடுத்துப் போவார்கள். கோலிவா என்று பெயர். முந்தின இரவு செய்து மறுநாள் காலையில் பகிர வேண்டும், நேரமானால் ஈரம் விட்டுச் சர்க்கரை கரைந்துவிடும். பாட்டி கோதுமையை இப்போதே வாங்கித் தனி டப்பாவில் வைத்திருக்கிறார். எந்த வழியாகப் போகப்போகிறோம் என்று வாரம் ஒரு முறை எனக்குப் போன் போட்டுக் கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ப்சராதெஸுக்கு வந்துபோகும் ஒரு தமிழ்ப் பெண்