புல்லட்டுக்கு முதலில் ஆயில், அப்புறம் சிசி

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டுகளைப் புதுப்பிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், 350 சிசி எஞ்சினை 500 ஆக்குவது சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றும் அரைநாள் வேலை என்ற தொனி இருந்தது. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ.தான், போர் (சிலிண்டரின் உள் விட்டம்) மட்டும் 70-க்குப் பதில் 84. அதனால்தான் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. ஆனால் பெரிய சிலிண்டர் உட்கார எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வாயைக் கடைந்தாக வேண்டும். பிஸ்டன் எடை கூடுவதால் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கைப் பிரித்து மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். பார்க்காமல் பூட்டிய வண்டியில், வேகம் பிடித்ததும் கைப்பிடியில் விரல் மரத்துப்போகும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சிசியும் எஞ்சினில் உள்ள சிசியும் வேறுவேறானால், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் சிக்கலும் உண்டு. 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த ‘விண்டேஜ்’ பதிவு விதியும், எஞ்சின் மூல வடிவிலிருந்து பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்கிறது. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

திருவொற்றியூரில் செய்த இந்த எஞ்சின்களில் முதல் செலவு ஆயில் ஓடும் பாதைக்குத்தான். இவை டிரை சம்ப் வகை, அதாவது ஆயில் கிராங்க் கேஸ் அடியில் தேங்காமல் தனி டேங்கில் இருக்கும். ஆயிலை கிராங்க்குக்கு அனுப்ப ஒரு பம்ப், திரும்ப இழுக்க ஒரு பம்ப். இரண்டையும் டைமிங் பக்க (வால்வை இயக்கும் பல்சக்கரங்கள் உள்ள பக்கம்) கிராங்க் ஷாஃப்ட்டில் உள்ள, திருகுபோல் பல் வெட்டிய வோர்ம் நட்டுதான் ஓட்டுகிறது. அந்த நட்டு இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் வழக்கமான பக்கம் ஸ்பேனரைப் போட்டு மரையைக் கெடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டைமிங் கவரிலிருந்து ஷாஃப்ட் முனைக்கு ஆயில் ஏறும் இடத்தில் சின்னதாக ஒரு கார்க் சீல் இருக்கும். சுண்டைக்காய் விலைதான். அது நசுங்கினால் ஆயில் டைமிங் பெட்டிக்குள்ளேயே கசிந்துவிடும், கனெக்டிங் ராடு கிராங்க்கில் சேரும் பிக் எண்டுக்குப் போகாது. கவரைக் கழற்றும்போதெல்லாம் புது சீல் போட வேண்டும்.

ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி, ஆயில் கசிகிறது, பம்ப் நன்றாக இருக்கிறது என்று சொல்வது பாதி உண்மை. அந்த ஆயில் திரும்பும் பம்ப்பிலிருந்து வருவது. கிராங்க்குக்கு ஆயில் போகிறதா என்பதை அது காட்டாது. பம்ப் டிஸ்க்கின் முகத்தில் கோடு விழுந்திருந்தால் தட்டையாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். ஆனால் தேய்க்கப் பயன்படுத்தும் வால்வு பேஸ்ட் துளி தங்கினாலும் அடுத்த பலி பிக் எண்ட்தான். மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவுங்கள்.

ஆயில் ஒழுகுவதற்கு கேஸ்கெட்டைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் காரணம் கிராங்க் கேஸின் காற்றை வெளியே விடும் பிரீதர். குழாய் அடைத்தோ அதன் ரப்பர் வாய் இறுகியோ போனால், கிராங்க் கேஸில் ஏறும் அழுத்தம் கிடைத்த இடுக்கில் ஆயிலைத் தள்ளும். அதற்கு சிலிகான் பேஸ்ட்டை அப்பினால், பிதுங்கிய பேஸ்ட் உள்ளே உதிர்ந்து ஆயில் துளையை அடைக்கும்.

பிக் எண்டில் கம்பெனியிலிருந்து வந்தது மிதக்கும் புஷ், அதாவது ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே தானாகச் சுழலும் உலோக வளையம். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தாலே மாற்ற வேண்டியதுதான். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு. மேம்படுத்தியே தீருவேன் என்பவர்கள் இங்கே ரோலர் பேரிங் ராடும், கூடுதல் கொள்ளளவு ஆயில் பம்ப்பும் போடலாம். பூட்டிய கிராங்க்கை சென்டரில் வைத்து டயல் கேஜில் ஓட்டம் (சுற்றும்போது வரும் கோணல்) பார்க்காத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

போர் போடுமுன், அதாவது சிலிண்டரைக் கடையுமுன், பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவுக்குக் கடையாமல், அந்தப் பிஸ்டனை அளந்து கடைய வேண்டும். இரும்பு சிலிண்டரில் பிஸ்டனின் கீழ்ச்சுவரான பாவாடைப் பகுதியில் 0.08 முதல் 0.10 மி.மீ. இடைவெளி தேவை. இறுக்கமாக வைத்தால் முதல் மேட்டிலேயே பிடித்துவிடும். 6.5-க்கு 1 என்றிருக்கும் கம்ப்ரஷனை ஏற்ற ஹெட்டைச் சீவுவது வீண். இரும்பு சிலிண்டர் அந்தச் சூட்டை வேகமாக வெளியேற்றாது.

செட்டிங்கில் பெரிய மர்மம் இல்லை. ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் கான்டாக்ட் பாயிண்ட்டின் இடைவெளி 0.35–0.40 மி.மீ. பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு விரலில் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் கலவையை மெலிதாக்குவதால், ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பார்க்கலாம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில், பம்ப் வழியாகக் கிராங்க் கேஸுக்கு இறங்கியிருக்கும். ஆயில் டேங்கில் அளவு குறைகிறதே என்று மேலே ஊற்றாதீர்கள். முதலில் கீழே சம்ப் போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு, அதன் பிறகு கிக்கரை உதையுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் மெக்கானிக்,
திருவொற்றியூர்.