ஆர்டர் ஃபைல்ல கமாவும் புள்ளியும் இடம் மாறின விஷயமா நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

வெளிநாட்டு பையர் (துணி வாங்குறவங்க) அனுப்புற ஆர்டர் ஃபைலை நம்ம எக்ஸ்போர்ட் சாஃப்ட்வேர்ல ஏத்துறப்ப ரேட்டும் பீஸ் கணக்கும் தப்பா விழுதுன்னு போன வாரம் ஒரு போன் வந்துச்சு. பாத்தோம், தப்பு எங்க பக்கம்தான். சரி பண்ணி அப்டேட் போட்டாச்சு, ஆனா அதோட விட்டுட முடியாது, ஏன்னா நீங்க ஏற்கனவே ஏத்தி வெச்ச ஆர்டர்லயும் இது இருக்கலாம், அதனால நடந்ததை முழுசா சொல்லிடறோம்.

போன் பண்ணது ஒரு மெர்ச்சண்டைசர் அக்கா, கம்பெனியில ஆர்டரை கவனிச்சுக்கறவங்க. ஜெர்மனி பையரோட சிஎஸ்வி ஃபைல் (கட்டத்துக்கு நடுவுல கமாவோ செமிகோலனோ போட்டு பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்), நேவி கலர் டி-ஷர்ட், குவாண்டிட்டி 1.250, ரேட் 4,35. அவங்க ஊர் வழக்கப்படி அது ஆயிரத்து இருநூத்தம்பது பீஸ், பீஸுக்கு நாலு யூரோ முப்பத்தஞ்சு சென்ட். நம்ம சாஃப்ட்வேர் எடுத்துக்கிட்டது 1.25 பீஸ், ரேட் 435 யூரோ. மொத்தம் 5,437.50 வரவேண்டிய எடத்துல 543.75. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, அதே நம்பர் அதே வரிசையில நிக்குது, புள்ளி மட்டும் ஒரு எடம் தள்ளி இருக்கு, சாயங்காலம் ஏழு மணிக்கு நாப்பது வரி பாத்து அசந்த கண்ணுக்கு இது எங்கங்க தெரியும். அக்கா கண்டுபிடிச்சது கார்ட்டன் கணக்குல. கார்ட்டனுக்கு 50 பீஸ்னா 25 கார்ட்டன் வரணும், பேக்கிங் லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணு நின்னுருக்கு. இன்வாய்ஸ் போறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டாங்க, அவங்களுக்கு ரொம்ப நன்றி.

இது ஏன் ஆச்சுன்னா, நாம 1,25,000.50னு எழுதுறதை அமெரிக்காவுல 125,000.50னு எழுதுவாங்க, ஜெர்மனியில 125.000,50, பிரான்ஸ்ல ஆயிரத்துக்கு கமாவும் கிடையாது புள்ளியும் கிடையாது, ஒரு சின்ன இடைவெளி விட்டு 125 000,50. இதுல யாரையும் தப்பு சொல்ல முடியாது, 2003ல நடந்த உலக எடை அளவு மாநாட்டுலயே தசமத்துக்கு புள்ளியும் வெக்கலாம் கமாவும் வெக்கலாம்னு தீர்மானம் போட்டிருக்காங்க. நாங்க சாஃப்ட்வேர் எழுதுற டாட்நெட்ல, ஒரு எண்ணை படின்னு சொன்னா, எந்த ஊர் முறையில படிக்கணும்னு நாம தனியா சொல்லலேன்னா அது விண்டோஸ்ல இருக்குற ரீஜன் செட்டிங்கை பாத்து படிச்சுக்கும். உங்க கம்ப்யூட்டர்ல இந்தியான்னு இருக்கு, அப்ப கமான்னா ஆயிரத்துக்கு போடுறது, தூக்கிடலாம்னு முடிவு பண்ணிடுது. கமாவுக்கு அப்புறம் மூணு இலக்கம் இருக்கான்னு கூட பாக்காது, 4,35ல இருந்து கமாவை எடுத்துட்டு 435னு குடுத்துடும், எரர் எதுவும் வராது. எரர் வந்திருந்தா எங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். துணி கிலோவும் அதே கட்டத்துல வர்றதால குவாண்டிட்டியில தசமத்தை நாங்க விட்டிருந்தோம், அதனால 1.25 பீஸ்னு விழுந்ததையும் சாஃப்ட்வேர் தடுக்கல. எந்த ஃபைல் எந்த ஊர்ல இருந்து வருதுன்னு கேக்காம, இந்த கம்ப்யூட்டர் எந்த ஊர்ல இருக்குன்னு மட்டும் பாத்து படிக்க விட்டோம், அதுதான் நாங்க பண்ண தப்பு.

இன்னொரு வாடிக்கையாளர் எங்களை கேக்காம அவரே விண்டோஸ் ரீஜனை ஜெர்மனிக்கு மாத்தி பாத்திருக்கார். ஜெர்மனி ஆர்டர் சரியா ஏறுச்சு, ஆனா மறுநாள் அமெரிக்கா ஆர்டர்ல 4.35 இருந்தது 435 ஆச்சு, இ-இன்வாய்ஸுக்கு போற ஜேசன்ங்கற டேட்டா ஃபைல்லயும் புள்ளிக்கு பதிலா கமா விழுந்து அது திரும்பி வந்துருச்சு. தயவு செஞ்சு ஒரு பையருக்காக ரீஜன் செட்டிங்ல கை வெக்காதீங்க, அந்த கம்ப்யூட்டர்ல இருக்குற எக்செல்லும் அதை பாத்துதான் நடக்குது.

இப்ப மாத்தினது என்னன்னா, ஒவ்வொரு பையர் மாஸ்டர்லயும் (பையர் விவரம் வெச்சிருக்கற பக்கம்) எண் வடிவம்னு புதுசா ஒரு கட்டம் இருக்கும், ஜெர்மனி பையர்னா ஒரு தடவை ஜெர்மனின்னு வெச்சுட்டா போதும். ஃபைல் ஏத்தினதும் முதல் வரியை "ஆயிரத்து இருநூத்தம்பது பீஸ், நாலு யூரோ முப்பத்தஞ்சு சென்ட், சரியா?"ன்னு எழுத்துல கேக்கும், நீங்க சரின்னு சொன்னாத்தான் மத்த வரி ஏறும். பீஸ் கணக்குல தசமம் வந்தா அங்கயே நின்னுடும். வெளிய போற ஜேசன்ல உங்க கம்ப்யூட்டர் எந்த செட்டிங்ல இருந்தாலும் புள்ளிதான் போகும். பையருக்கு நாம அனுப்புற பேக்கிங் லிஸ்ட் அந்த பையரோட எண் வடிவத்துல போகும், ஏன்னா நம்ம சிஎஸ்வியில 4.10னு இருந்தா ஜெர்மனி எக்செல் அதை அக்டோபர் 4ன்னு தேதியா மாத்திடும்.

நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு. பையர்கிட்ட சிஎஸ்விக்கு பதிலா எக்செல் ஃபைலாவே கேளுங்க, எக்செல் ஃபைலுக்குள்ள எண் எப்பவும் ஒரே மாதிரிதான் சேவ் ஆகும், கமாவா புள்ளியாங்கறது திரையில காட்டுறதுக்கு மட்டும்தான். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, ரேட் கட்டத்துல இடது பக்கமா ஒட்டி நின்னா அது எண்ணா இல்லாம எழுத்தா இருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஃபைலை ஏத்தாதீங்க.

ஐரோப்பா பையர்கிட்ட இருந்து சிஎஸ்வியா ஏத்தின, இன்னும் ஷிப்மென்ட் ஆகாத ஆர்டர் எல்லாத்தையும் ஒரு தடவை கார்ட்டன் கணக்கோட ஒத்துப் பாருங்க. நேரம் இல்லேன்னா எங்களுக்கு அனுப்புங்க, நாங்களே பாத்து தர்றோம், காசு வேண்டாம். அனுப்புறப்ப பையர் மெயில்ல வந்த ஒரிஜினல் ஃபைலை அப்படியே ஃபார்வர்ட் பண்ணுங்க, எக்செல்ல திறந்து சேவ் பண்ணி அனுப்பாதீங்க. ஜெர்மனி ஃபைல்ல ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல செமிகோலன்தான் இருக்கும், நம்ம எக்செல் கமாவை பாத்து வெட்டுறதால 4,35ங்கறது நாலு ஒரு கட்டத்துலயும் முப்பத்தஞ்சு பக்கத்து கட்டத்துலயும் போய் விழுந்துரும், சேவ் பண்ணிட்டா எது எங்க இருந்துச்சுன்னு எங்களால திரும்ப எடுக்கறது கஷ்டம்ங்க.

இப்படிக்கு,
உங்க எக்ஸ்போர்ட் சாஃப்ட்வேர் ஆபீஸ்ல இருந்து,
திருப்பூர்