அலமாரி காலி: நம் பைப்பர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், இந்தக் கூட்டத்துக்கு முதல் தடவையாக வந்திருக்கும் புதியவர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு இதே மேடையில் நின்று ஒரு வருத்தமான கணக்குச் சொன்னேன். சங்கம் இரவல் கொடுக்கும் ஆறு பைப் செட்டுகளில் மூன்று, மாடி அறை அலமாரியில் துணி சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தன. இந்த ஆண்டு அலமாரி காலி. ஆறு செட்டும் வெளியே இருக்கின்றன, ஆறும் வாசிப்பில் இருக்கின்றன. போன வாரம் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, எதிர்முனையில் வாசிக்கச் சொல்லி, காதால் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இந்த ஆண்டில் கிடையாது.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் வாசிப்பது அயர்லாந்தின் இல்லன் பைப். ஐரிஷ் மொழியில் அந்தச் சொல் முழங்கையைக் குறிக்கும். ஸ்காட்லாந்துக்காரர்களின் பைப்பைப் போல வாயால் ஊதுவதில்லை. வலது கைக்கு அடியில் துருத்தி, இடது கைக்கு அடியில் தோல்பை. துருத்தி பையை நிரப்பும், இடது கை பையை அழுத்தும், காற்று சான்ட்டர் என்கிற வாசிப்புக் குழலுக்குப் போகும். பை, துருத்தி, சான்ட்டர் இந்த மூன்றும் சேர்ந்தது பிராக்டிஸ் செட். அதோடு ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் மூன்று ஒத்துக் குழல்கள் சேர்ந்தால் ஹாஃப் செட். மணிக்கட்டால் சாவிகளை அழுத்தி வாசிக்கும் மூன்று ரெகுலேட்டர் குழல்களும் வந்துவிட்டால் ஃபுல் செட். ஏழு வருடம் கற்க, ஏழு வருடம் பழக, ஏழு வருடம் வாசிக்க, அப்புறம்தான் பைப்பர் என்று பழையவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முதல் மெட்டு சில மாதங்களிலேயே கைக்கு வந்துவிடும்.

பயப்பட வேண்டியது விலையைப் பார்த்துத்தான். ஒரு நல்ல பிராக்டிஸ் செட் ஆயிரம் யூரோவுக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். பணம் கொடுத்தாலும் உடனே கைக்கு வராது, பெயர் பெற்ற கைவினைஞர்களிடம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையனுக்கு இன்று வருகிற ஆசை நான்கு வருடம் காத்திருக்குமா? இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இரவல் கருவிகளைச் சங்கத்தின் உயிர் என்று நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டப்ளினில் ஹென்ரியெட்டா தெருவில் இருக்கும் நம் தாய் அமைப்பு 1968-இல் தொடங்கியபோது, இந்தக் கருவியை வாசிக்கிறவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2017-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இடைப்பட்ட அந்த ஐம்பது வருடங்களில் கருவி செய்யக் கற்றுக்கொடுத்தவர்களும் கருவியை இரவல் கொடுத்தவர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது.

சரி, இந்த ஆண்டின் கெட்ட செய்தியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பிராக்டிஸ் செட் ஒன்று ஒரு வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தது. வாங்கிப் போனவருக்கு வேலை மாறியது, குழந்தை பிறந்தது, பைப் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. அங்கே பக்கத்திலேயே வெந்நீர் ரேடியேட்டர். மார்ச் மாதம் அது திரும்பி வந்தபோது பெட்டியைத் திறந்தவன் நான். கருங்காலிச் சான்ட்டரின் மேல்மூட்டிலிருந்து கீழே ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை போல விரிசல். மூட்டுகளில் சுற்றிய சணல் நூல் காய்ந்து, தொட்டவுடன் கழன்றது. ஒலி எழுப்பும் நாணல் சீவாளியின் இரண்டு இதழ்களும் ஒட்டிக்கொண்டு மூச்சே விடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்தபின் ஒரு தடவைகூட நான் விசாரிக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

விரிசல் சரியாகிவிட்டது. நம் உறுப்பினர்களில் தச்சு வேலை தெரிந்தவர், விரிசலை ஒட்டி, அதன்மேல் மெல்லிய பித்தளைப் பூண் ஒன்றை இறுக்கிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதன்பின் ஏப்ரலில் கூடிப் பேசி விதியை மாற்றினோம். இரவல் காலம் முன்போல ஒரு வருடம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருவியை மாடி அறைக்குக் கொண்டுவந்து நாலு பேர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். இது பரீட்சை கிடையாது. ஜிக் என்கிற நடன மெட்டில் பாதி வந்தாலும் போதும். வாசிக்க நேரமில்லை என்றால் வெட்கப்படாமல் திருப்பிக் கொடுங்கள், நேரம் வரும்போது மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். இந்தக் கடைசி வரியை விதியிலேயே எழுதிச் சேர்த்திருக்கிறோம். சேர்த்த பிறகு இரண்டு செட் தாமாகவே திரும்பி வந்தன, இரண்டும் அதே மாதத்தில் வேறு கைகளுக்குப் போயின.

யானைத் தந்தப் பூண் வைத்த பழைய செட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று விசாரிக்காமல் அதை நாடு கடந்து கொண்டுபோகக் கூடாது. சங்கத்தின் மூலம் இரவல் போகும் கருவிக்கும் இது பொருந்தும்.

சீவாளி மாலைகள் இந்த ஆண்டும் தொடர்ந்தன. உண்மையைச் சொன்னால், நம் கூட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். துருத்தியிலிருந்து வரும் காற்றில் ஈரம் இல்லை. வாயால் ஊதும் கருவியின் சீவாளி எச்சில் பட்டு நனைந்துகொள்ளும், நம்முடையது அறையின் ஈரத்தையே நம்பி இருக்கிறது. மழை நாளில் ஒரு சுதி, அடுப்பெரியும் அறையில் இன்னொரு சுதி. தெற்கு ஐரோப்பாவிலிருந்து வரும் நாணலைப் பிளந்து, குடைந்து, சீவி, செப்புத் தகட்டில் சுருட்டிய சிறு குழாயின் மேல் கட்டி, கடைசியில் ஒரு சிறு உலோகப் பட்டையை அதன் இடுப்பில் மாட்டுகிறோம். நம் மூத்த உறுப்பினர் அந்தப் பட்டையை நகத்தால் மேலே தள்ளுவார், ஊதிப் பார்ப்பார், கீழே இறக்குவார், மறுபடி ஊதுவார். ஊசிமுனை அளவு நகர்வில் அடிச்சுரம் கரகரப்பு நீங்கிக் கண்ணாடி மாதிரி தெளிவதை அக்டோபரில் பதினொரு பேர் மூச்சு விடாமல் கேட்டோம். அவர் அன்று செய்த சீவாளிதான், விரிசல் ஒட்டிய அந்தச் சான்ட்டரில் இப்போது இருக்கிறது.

இனி மெட்டுகள். கருவியைக் கொடுப்பதில் வராத சண்டை மெட்டைக் கொடுப்பதில் வந்தது. கோடையில் ஒரு மாலை, மேற்சொன்ன மூத்தவர் ரீல் என்கிற இன்னொரு வகை நடன மெட்டு ஒன்றை வாசித்தார். அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சின்ன வயதில் கேட்டது, வேறு யாரும் வாசித்து நாம் கேட்டதில்லை. ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிந்து, கேட்காமலே பலருக்கும் அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து வேறு ஊர் அமர்வு ஒன்றில் அதே ரீல் வேறு பெயரில், யாரிடமிருந்து வந்தது என்ற சொல்லே இல்லாமல் ஒலித்தது. பெரியவர் மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. நேரில் போய்ப் பேசினேன். மெட்டு பரவியதில் அவருக்கு வருத்தமே இல்லை. “என் பெயர் வேண்டாம்ப்பா. அந்த மனுசன் பெயரையாவது சொல்லியிருக்கலாம்” என்றார்.

மேற்கு அயர்லாந்தின் இந்தக் கிளேர் மண்ணில் அவர் எதிர்பார்த்தது புதிய விஷயமே இல்லை. ஐனாவில் வாழ்ந்த பார்வையற்ற பைப்பர் கேரட் பேரி 1899-இல் காலமானார். மில்டவுன் மால்பேயின் பைப்பர் வில்லி கிளான்சி பிறந்ததே 1918-இல்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் கிளான்சியின் வாசிப்பில் பேரியின் மெட்டுகள் இருந்தன, நடுவில் இருந்தவர் கிளான்சியின் அப்பா கில்பர்ட். அவர் பைப்பர் அல்ல, புல்லாங்குழலும், கையில் பிடித்து விரித்துச் சுருக்கும் கான்செர்ட்டினாவும் வாசித்தவர். காதில் வாங்கி, மகனுக்குக் கொடுத்தார், யாருடையது என்று சொல்லியும் கொடுத்தார். அதனால்தான் கேரட் பேரியின் ஜிக் இன்றைக்கும் அவர் பெயரிலேயே வாசிக்கப்படுகிறது. சிகாகோவில் காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ’நீல் 1903-இல் 1,850 மெட்டுகளை அச்சேற்றினார். அவருக்கு இசைக்குறி எழுத வராது, அவருடைய நினைவில் இருந்ததையும் பிறர் வாசித்ததையும் ஜேம்ஸ் ஓ’நீல் என்ற சக காவலர் கேட்டு எழுதினார். 1942 முதல் 1947 வரை பைப்பர் ஷேமஸ் எனிஸ் சைக்கிளில் அயர்லாந்தின் மேற்குக் கரையோர ஊர்களைச் சுற்றி ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக மெட்டுகளையும் பாடல்களையும் சேகரித்தார். யாரிடம் கேட்டது என்ற குறிப்பு அவர் வேலையின் பாதி.

ஆக, பொதுக்குழு முடிவு இது: பதிவு செய்யலாம், வாசிக்கிறவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அனுப்பலாம், யாரிடம் கற்றது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மாடி அறையில் ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறோம். மெட்டின் பெயர், கொடுத்தவர், அவருக்குக் கொடுத்தவர் என்று மூன்று கட்டங்கள். இசைக்குறி தெரிந்தவர்கள் பக்கத்தில் எழுதலாம், தெரியாதவர்கள் பெயரை மட்டும் எழுதினாலும் போதும். முதல் பக்கத்து முதல் வரியை அந்தப் பெரியவரே எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. கேட்காமல் அனுப்பியவர்தான் அதற்குக் கீழே இசைக்குறியை எழுதிக் கொடுத்தார். அன்று இரவு இருவரும் சேர்ந்து அந்த ரீலை வாசித்தார்கள்.

கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அறை வாடகையும் கருவிக் காப்பீடும் கட்டியாகிவிட்டது, கடன் இல்லை. ஜூலையில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளிக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்த எல்லோருக்கும் நன்றி.

நவம்பரில் நம் நீண்டகால உறுப்பினர் ஒருவரை இழந்தோம். அவர் மனைவி டிசம்பரில் ஒரு பழைய மாவுச் சாக்கை மாடிக்குத் தூக்கி வந்தார். உள்ளே அவருடைய ஹாஃப் செட், பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொன்றும் ஒரு காலுறைக்குள். எனக்கு உடனே ஷேமஸ் எனிஸின் அப்பா ஞாபகம் வந்தது. அவர் 1908-இல் லண்டன் அடகுக் கடையில் ஒரு பைக்குள் உதிரியாகக் கிடந்த கருவியை வாங்கினார், டப்ளினில் கோய்ன் என்ற கைவினைஞர் செய்தது. அதை மகன் வாழ்நாள் முழுக்க வாசித்தார், தன் காலத்துக்குப் பின் பைப்பர் லியாம் ஓ’ஃப்ளினுக்குப் போகும்படி எழுதி வைத்தார். சாக்கைக் கொண்டுவந்த நம் சகோதரி எதுவும் எழுதித் தரவில்லை. “அலமாரியில் வைக்காதீங்க” என்று மட்டும் சொன்னார்.

வைக்கவில்லை. பையைப் புதிதாகத் தைத்தோம், நடு ஒத்துக்கு மட்டும் புதுச் சீவாளி போட்டோம். சங்கத்தின் பிராக்டிஸ் செட்டில் பழகிய பதினாறு வயதுப் பெண்ணிடம் ஜனவரியில் கொடுத்தோம். அவள் வைத்திருந்த பிராக்டிஸ் செட் அன்றைக்கே அவள் தம்பியின் வகுப்புத் தோழனுக்குப் போனது. மூன்று ஒத்துகளும் முதன்முதலாக ஒன்றாக ஒலித்தபோது அவள் சான்ட்டரை வாசிக்கவே இல்லை. ஒத்தை மட்டும் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கருவியைக் கொடுத்த அந்த அம்மா வாசலில் நின்று கேட்டார்.

இன்னும் நான்கு பேர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். வீட்டில் வாசிக்காமல் ஏதாவது செட் இருந்தால், உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, எங்களிடம் சொல்லுங்கள். அடுத்த சீவாளி மாலை வரும் செவ்வாய் இரவு 8 மணிக்கு, அதே மாடி அறையில். கத்தியும் சணல் நூலும் நாங்கள் வைத்திருப்போம், தொடையில் போட்டுக்கொள்ளும் தோல் துண்டை மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்