குவின்ஸை இப்போது வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரத் தோட்டப் பகுதியில், குளிர் தொடங்குமுன் பூச்செடிகள் எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்லியிருந்தீர்கள். கோடையில் பூக்கும் பட்லியாச் செடியைக் கொஞ்சம் குறைத்துவிடுவதில் தவறில்லை. ஆனால் எங்கள் ஹரோ பக்கத்தில் பல வீடுகளின் முன்மதிலோரம் நிற்கிற பூக்குவின்ஸுக்கு அந்த யோசனை ஆகவே ஆகாது.

நான் சொல்வது பழத்துக்காக வளர்க்கும் குவின்ஸ் மரம் அல்ல. இங்குள்ள பழைய ஆட்கள் ஜப்போனிகா என்கிற முட்செடி. இலை முழுதாக விரியுமுன்பே வெறும் கொப்பில் சிவப்பாகப் பூக்கும். அந்தப் பூவுக்கான மொட்டுகள் முந்திய கோடையிலேயே பழைய கொப்புகளில் பிடித்துவிடும். ஆகவே நவம்பரில் அடியோடு வெட்டுகிறவர் வரப்போகிற மார்ச் மாதப் பூவைத்தான் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடுகிறார். பிறகு "செடி சரியில்லை, பூக்கவே இல்லை" என்று குறை வேறு! 1796 அளவில் சீனாவிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு வந்து, இருநூறு ஆண்டுக்கு மேலாக இந்த நாட்டுக் குளிரைத் தாங்கி நிற்கிற இனம் இது. பனிக்குப் பயந்து அதை மொட்டையடிக்க வேண்டியதில்லை.

வெட்ட வேண்டிய காலம் பூ முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ. மதிலில் படரவிட்ட செடி என்றால் முன்னால் நீட்டிக்கொண்டு வரும் பக்கக் கொப்புகளை ஐந்தாறு இலை விட்டுக் கத்தரித்தால் போதும். தனியாகப் புதராக நிற்பதென்றால் ஒன்றோடொன்று உராயும் கொப்புகளையும், மிகவும் முதிர்ந்த தண்டுகள் இரண்டொன்றையும் அடியில் அறுத்துவிடுவேன். கவனிப்பாரற்றுக் காடாகிப்போன செடியை ஒரே நாளில் திருத்தப் பார்க்காமல் இரண்டு மூன்று வருடமாகப் பிரித்துச் செய்வது நல்லது. அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை விட்டுவைத்தால் நடைபாதைக்கே வந்துவிடும். முள் பொல்லாதது, மெல்லிய ரப்பர் கையுறை எதற்கும் உதவாது. தோல் கையுறை வேண்டும்.

மின்சாரக் கத்தரியால் பந்து மாதிரி உருட்டி வெட்டும் வழக்கம் எங்கள் தெருவில் பரவிவருகிறது. பார்க்க ஒழுங்காக இருக்கும்தான். ஆனால் வெளிப்புறம் மட்டும் அடர்ந்து உள்ளே வெளிச்சம் போகாது. அப்படி வெட்டிய செடியில் நான் நிறையப் பூ கண்டதில்லை. புல்லுக்குப் போடும் நைட்ரஜன் உரத்தை இதற்கும் அள்ளிப் போட்டாலும் இலைதான் தழைக்கும். லண்டன் களிமண்ணே இதற்குப் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும்: பூ முடிந்ததும் வெட்டினால் வெட்டிய கொப்புகளில் காய் இருக்காது. காய் வேண்டுமென்றால் சில கொப்புகளைத் தொடாமல் விடுங்கள். செப்டம்பர், ஒக்டோபரில் மஞ்சளாகி நல்ல வாசம் வரும். பச்சையாகக் கடிக்க முடியாத புளிப்பு. விதையை நீக்கி, சீனி போட்டுக் காய்ச்சினால் ஜெலி தானாகவே இறுகும். நான் மாங்காய்க்குப் பதிலாக மிளகாய்த்தூள் சேர்த்து ஊறுகாயும் போடுகிறேன்.

நவம்பர் பிறக்குமுன் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் நல்லது. அதில் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சித்தியாச் செடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் பழைய கொப்பில் பூப்பதுதான்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
ஹரோ, லண்டன்