ஜனவரியில் கொடுத்து ஜூலையில் கைவிடாதீர்கள்

பழைய மடிக்கணினிகளைச் சீர்செய்து மாணவர்களுக்கு வழங்கும் சிங்கப்பூர்த் தொண்டூழியர் குழுவினருக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தபின், அலுவலகங்கள் கழித்துப்போடும் கணினிகளில் இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவித் தர முன்வந்திருக்கிறீர்கள். பாராட்டுகள். ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில், அப்போது இருந்ததிலேயே புதிய பதிப்பு என்பதற்காக 25.10-ஐத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த எண்ணிலேயே பிறந்த தேதி இருக்கிறது: 2025, பத்தாம் மாதம். இத்தகைய இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதங்களே பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 2026 ஜனவரியில் பள்ளி திறக்கும்போது கணினியை வாங்கும் பிள்ளைக்கு அதே ஆண்டு ஜூலையில் அவை நின்றுவிடும். அடுத்த பதிப்புக்கு மாறிக்கொள்ளலாமே என்பீர்கள். யார் மாற்றுவது? இரவு வேலைக்குப் போகும் தாயா, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியா?

உபுண்டுவிலேயே நீண்டகால ஆதரவுப் பதிப்பு உண்டு. 24.04-க்கு ஐந்தாண்டு ஆதரவு. 2029 முற்பாதியில் முடியும். 2026இல் உயர்நிலை ஒன்றில் சேரும் பிள்ளை உயர்நிலை நான்கின் தேர்வை எழுதுவது 2029 கடைசியில். மயிரிழையில் தவறுகிறது!

என் தேர்வு இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வந்தது. மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்பின் நீட்டித்த ஆதரவும் சேர்ந்து 2030 நடுப்பகுதிவரை வரும். தேர்வு முடிந்து சான்றிதழும் கைக்கு வந்திருக்கும்.

டெபியனில் எல்லாமே பழைய சரக்கு என்று உங்களில் சிலர் சொல்வது என் காதுக்கு வந்தது. மென்பொருள்களின் பதிப்பு எண்கள் பழையவைதாம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் பெரும்பாலும் புதிய பதிப்பைத் திணிக்காமல், அதே பதிப்பில் அந்த ஓட்டையை மட்டும் அடைக்கிறார்கள். நேற்று இருந்த பொத்தான் இன்றும் அதே இடத்தில் இருக்கும். பாட்டிக்கும் அதுதான் வசதி. வைஃபை வேலை செய்யாது என்ற புகாரும் பெரும்பாலும் பழங்கதை. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதற்கான ஃபர்ம்வேர் (வைஃபை போன்ற பாகங்களை இயங்கவைக்கும் சிறு மென்பொருள்) நிறுவல் கோப்பிலேயே வருகிறது.

ஒரு குறை உண்டு. பழைய வகைச் செயலி கொண்ட 32-பிட் கணினிகளில் டெபியன் 13-ஐ நிறுவ முடியாது. உங்கள் கிடங்கில் அப்படிப்பட்டவை இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் உதிரிப் பாகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் முன், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும்படி அமைத்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸில் ஒரு பத்தி தட்டச்சு செய்தும் பாருங்கள். ஆதரவு முடியும் ஆண்டை மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டால் 2030இல் யாரும் உங்களைத் தேடி வரவேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு தொண்டூழியர்