பாசிமணிக்கும் ரெண்டு வரி ஒதுக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துலுக்கர்பட்டி, சிவகளை, ஆதிச்சநல்லூர்னு நம்ம பக்கத்து அகழாய்வு பத்தி பேப்பர்ல எது வந்தாலும் தங்கம், இரும்பு, எழுத்து பொறிச்ச ஓடு இது தான் தலைப்பு. அதெல்லாம் பெரிய விஷயம் தான், சிவகளையில இறந்தவங்கள புதைச்ச தாழியில இருந்த நெல்லு கி.மு. 1155னு 2021ல அறிவிச்சப்ப எனக்கும் புல்லரிச்சுது. ஆனா அதே குழியில கிடைக்கிற பாசிமணி, சங்கு வளையல் துண்டு, நூல் நூக்கிற தக்களி, பானை ஓட்ட தேச்சு செஞ்ச வட்டச்சில்லு எல்லாத்தையும் "மற்றும் பல பொருட்கள்"னு கடைசி வரியில தள்ளி விட்ருதாங்க.

சூதுபவளம்ங்கிற செவப்பு கல்லுல செஞ்ச மணி ஒண்ண வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க. இரும்பே கீற முடியாத கல்லு அது, அதுல நூல் நுழையிற அளவுக்கு ரெண்டு பக்கமும் இருந்து துளை போட்டு வந்திருப்பாங்க, நடுவுல சேருற எடத்துல சிலதுல லேசா விலகியிருக்கும், அந்த விலகல் ஒரு ஆளோட கை. அந்த செவப்பு கூட கல்ல சூடு பண்ணி ஏத்துன நிறம் தான். கல்லு பெரும்பாலும் குஜராத் பக்கம் கிடைக்கிறது, அங்கேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்குன்னா யார் யாரு கை மாறியிருக்கும்!

இவ்வளவு சின்ன பொருள் மண்ணுல கலந்து போகாம கிடைக்கிறதே, குழிமண்ண வெயில்ல உக்காந்து சல்லடையில சலிக்கிற ஊர் சனங்களால தான். அவங்கள பத்தியும் யாரும் எழுத மாட்டேங்காங்க.

எனக்கு இப்ப பெரிய கவலை, மழை பெய்ஞ்சதும் பரம்புல, அதான் பழைய பொருள் புதைஞ்சு கெடக்கிற மேட்டுல, மேலாப்புல தெரியுற மணிய சிலர் பொறுக்கிட்டு போறது. வீட்டுல வைக்காங்க, போட்டோ போடுதாங்க, கேட்டா வித்தும் விடுதாங்க. மணிய மட்டும் தனியா வச்சு அதோட வயச உறுதியா சொல்ல முடியாது, எந்த மண்ணடுக்குல, எந்த பானை ஓட்டுக்கும் கரிக்கும் பக்கத்துல கெடந்துச்சுங்கிறது தான் கணக்கு. 1876ல ஜாகோர்ங்கிற ஜெர்மன்காரர் ஆதிச்சநல்லூர்ல தோண்டி பெர்லினுக்கு கொண்டு போனத இன்னிக்கும் பேசுதோம், நாமளே ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டு போனா அது மட்டும் சரியாயிருமா?

புதையல் சட்டம் 1878லயே வந்தாச்சு, மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு சொல்லணும்னு அதுல இருக்கு. ஆனா கையில மணியோட நிக்கிற ஆளுக்கு கலெக்டர் ஆபீஸ் வரை போக பயம், நம்மள பிடிச்சு விசாரிப்பாங்களோன்னு. அதனால அகழாய்வு நடந்த ஊர்கள்ல விஏஓ ஆபீஸ்லயே ஒரு நோட்டு போட்டு, எந்த சர்வே நம்பர்ல கெடந்துச்சுன்னு எழுதி வாங்கி, கொடுத்தவருக்கு ஒரு ரசீது கொடுக்க தொல்லியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் ஏற்பாடு பண்ணணும். மியூசியத்துலயும் மணிகள ஒண்ணா குவிச்சு வைக்காம, எந்த குழி, எத்தனை அடி ஆழம்னு எழுதி பக்கத்துல ஒரு லென்ஸும் வச்சா பள்ளிக்கூட பிள்ளைங்க அந்த துளைய கண்ணால பாக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வள்ளியூர்